தீப்பெட்டி என்னும் புராதன வஸ்து

சென்ற மாதத்தில் ஒரு நாள் எட்டாம் வகுப்பில் விஞ்ஞான பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். ஸ்பிரிட் விளக்கை ஏற்ற வேண்டியிருந்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பையனைக் கூப்பிட்டு, ஒரு தீப்பெட்டியைக் கையில் கொடுத்து, "ஏற்று, பார்க்கலாம்" என்றோம். பையன் மகா சூட்டிகையானவன். கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு என்றால் உபாத்தியாயர்களே அவனைத்தான் தேடுவார்கள். அப்பேர்ப்பட்டவன் தீப்பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு பக்கத்தில் அழுத்தினான். பிறகு மறு பக்கத்தில் அழுத்தினான். பொத்தான் எங்கும் அகப்படவில்லை. கடைசியில் மிகுந்த பணிவுடன், "சார், இது எப்படி ஆன் ஆகும்?" என்று கேட்டான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆனால், "சிரிக்கிறவர்களில் எத்தனை பேர் தீக்குச்சி கிழித்திருக்கிறீர்கள்?" என்று நாம் கேட்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது. நாற்பத்தொரு பேர் உள்ள அவ்வகுப்பில் உயர்ந்த கைகள் ஒன்பது.

குழந்தைகளைக் குறை கூறுவதற்கில்லை. அடுப்படியில் காஸ் லைட்டர் 'டக்' என்று ஓசையிட்டதும் அடுப்பு பற்றிக்கொள்கிறது. சில வீடுகளில் அதுவும் இல்லை. குமிழைத் திருகினாலே போதும். மின்சாரம் நின்றுவிட்டால் செல்போனில் வெளிச்சம் இருக்கிறது. தீப்பெட்டி பூஜை மாடத்தில், சாம்பிராணிக்குப் பக்கத்தில், பெரியவர்களுடைய சொத்தாக ஒதுங்கிவிட்டது. இரண்டு ரூபாய்க்குப் பெட்டிக்கடைகளில் விற்கப்படும் ஒரு வஸ்து, நம் கண்ணெதிரிலேயே, தானாகப் பழம்பொருட்காட்சிச் சாலையை நோக்கி நடந்துகொண்டிருக்கிறது!

ஆகவே அன்றைக்கு வியாசத்துக்கு ஒரு தலைப்புக் கொடுத்தோம். "கி.பி. 2525-ஆம் ஆண்டு. கீழடியைப் போல ஒரு மேட்டைத் தோண்டுகிறார்கள். ஒரு தீப்பெட்டி கிடைக்கிறது. அது இன்னதென்று யாருக்கும் தெரியாது. நீ ஆராய்ச்சியாளன். அதைப் பற்றி உலகத்துக்கு எடுத்துச் சொல்." இவ்வாறு சொல்லிவிட்டு, நாமும் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஆராய்ச்சியாளர் குறிப்பு

நாம் எழுதியது ஏறக்குறைய இது:

"இப்புராதன வஸ்து இரண்டு பாகங்களை உடையது. ஒன்று, இரு புறமும் திறந்த உறை. இதற்கு மேல்பெட்டி என்று பெயர். மற்றொன்று அதற்குள் நுழைந்து வெளிவரும் சிறு தொட்டி, இது அடிப்பெட்டி. தொட்டியில் ஒரே நீளமுள்ள மெல்லிய குச்சிகள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்தினாலான ஒரு தலை உண்டு. மேல்பெட்டியின் பக்கத்தில் பூசியிருக்கும் கருஞ்சிவப்புப் பட்டையில் அத்தலையை உரசினால் நெருப்பு உண்டாகும்.

"பண்டை மக்கள் இதனைச் சட்டைப் பையிலும், இடுப்பு மடிப்பிலும், மாடக்குழியிலும் வைத்துக் காப்பாற்றினார்கள். காற்றடிக்கும்போது குச்சியைக் கிழித்து இரு உள்ளங்கைகளையும் குவித்துச் சுடரைக் காப்பது ஒரு தனி வித்தை. அதைப் பயின்றவர்களை இக்காலத்தில் காண்பது அரிது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மருந்து நமத்துப்போனால், குச்சியின் தலையைத் தம் தலைமயிரில் தேய்த்து உலர்த்தினார்கள். அண்டை வீட்டில் தீப்பெட்டி இரவல் கேட்பது வழக்கம். திருப்பிக் கொடுக்க மறந்துவிடுவதும் வழக்கம்.

"எரிந்து முடிந்த குச்சியால் காது குடைந்தார்கள், அதைக் கண்ட தாய்மார்கள் கையில் அடித்தார்கள். குச்சி தீர்ந்த பெட்டிகள் இரண்டை நூலால் இணைத்துக் குழந்தைகள் டெலிபோன் செய்து பேசினார்கள். பெட்டியின் மேலுள்ள படத்தை வெட்டியெடுத்து ஆட்டத்தில் பந்தயம் வைத்தார்கள். கோள் சொல்லிக் கலகம் மூட்டுவதற்கு 'வத்தி வைப்பது' என்று பெயரிட்டிருந்ததால், இவ்வஸ்துவின் அபாயத்தையும் அவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள் என்று தெரிகிறது."

இதை வாசித்துக் காட்டியபோது மாணவர்கள் நன்றாக ரசித்தார்கள். ஆனால் ஒரு பெண் எழுந்து, "சார், உரசினால் ஏன் பற்றிக்கொள்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லையே?" என்றாள். உபாத்தியாயர்களுக்கு இம்மாதிரி மாணவிகள் அவசியம் வேண்டும்.

பெட்டிக்குள் இருக்கும் சூட்சுமம்

சூட்சுமம் பிரித்து வைப்பதில் இருக்கிறது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், வஜ்ஜிரப் பசை முதலியவை இருக்கின்றன. பெட்டியின் பக்கத்துப் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் இருக்கின்றன. தனித்தனியே இருக்கும்வரையில் இரண்டும் சாதுக்கள். உரசும்போது உண்டாகும் உஷ்ணத்தில் பாஸ்பரஸின் ஓர் அணுவளவு உருமாறிப் பற்றிக்கொள்கிறது. குளோரேட் தன்னிடமுள்ள பிராணவாயுவைக் கொடுக்கிறது, கந்தகம் எரிகிறது. குச்சியின் நுனியை முன்கூட்டியே மெழுகில் தோய்த்திருப்பதால் சுடர் மருந்திலிருந்து மரத்துக்கு இறங்குகிறது. இவ்வளவும் கண் இமைப்பதற்குள் நடந்துவிடுகின்றன. இவ்விரண்டு மருந்துகளையும் ஒரே தலையில் சேர்த்து வைக்காமல் பிரித்து வைத்ததனால்தான் இதற்குப் 'பாதுகாப்புத் தீக்குச்சி' என்ற பெயர் ஏற்பட்டது.

இந்த அறிவு ஒரு நாளில் வரவில்லை. தீக்குச்சிக்கு முன்னால், நம் நாட்டுப் பெண்கள் அடுப்பில் ஒரு கங்கைச் சாம்பலால் மூடி இரவு முழுவதும் காப்பாற்றினார்கள். அது அவிந்துபோனால் அடுத்த வீட்டிலிருந்து கொட்டாங்கச்சியிலோ வறட்டித் துண்டிலோ நெருப்பு வாங்கி வந்தார்கள். அதற்கும் வழியில்லாவிட்டால் சிக்கிமுக்கிக் கல். மேனாட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். 1827-இல் இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்னும் ஊரில் ஜான் வாக்கர் என்ற மருந்துக் கடைக்காரர் உரசினால் பற்றும் குச்சியை முதன்முதலாக விற்றார். அதற்கு அவர் காப்புரிமை வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு வந்தவர்கள் வெள்ளைப் பாஸ்பரஸைச் சேர்த்தார்கள். அது எந்தச் சுவரில் உரசினாலும் பற்றும். ஆனால் கொடிய விஷம். 1844-இல் ஸ்வீடன் தேசத்து ரசாயன நிபுணர் குஸ்தாவ் எரிக் பாஷ் என்பவர், பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்துப் பெட்டியின் பக்கத்தில் வைக்கும் உபாயத்தைக் கண்டார். அதே தேசத்து லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைப் பெருந்தொழிலாக்கினார்கள்.

ஆயினும் மலிவை உத்தேசித்து வெள்ளைப் பாஸ்பரஸை உபயோகிப்பது நெடுங்காலம் நிற்கவில்லை. அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் தாடையெலும்பு அழுகிப் போயிற்று. லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் ஒரு தீக்குச்சித் தொழிற்சாலையில் வேலை செய்த ஏழைப் பெண்களின் கூலியையும், அவர்களுக்கு விதிக்கப்பட்ட அபராதங்களையும் பற்றி 1888-இல் ஒரு பெண்மணி பத்திரிகையில் அம்பலப்படுத்தினார். அடுத்த மாதமே சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். அம்மாதம் முடிவதற்குள் நிர்வாகம் இணங்கி வந்தது. அப்பெண்மணி வேறு யாருமல்லர்; பிற்காலத்தில் அடையாற்றில் வந்து குடியேறி, சுயாட்சி இயக்கம் நடத்தி, 1917-இல் கல்கத்தாக் காங்கிரஸில் தலைமை வகித்த அன்னி பெசன்ட் அம்மையார்தாம்! நம் தேசத்து விடுதலைக்காகக் குரல் கொடுத்தவர், அதற்கு முன்னால் தீக்குச்சிப் பெண்களுக்காகக் குரல் கொடுத்தவர் என்பதை நேயர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

1906-இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியை விலக்க உடன்படிக்கை செய்தன. இந்தியாவில் அதைத் தடுக்கும் சட்டம் 1913-இல் வந்தது.

கல்கத்தாவுக்குப் போன இருவர்

அக்காலத்தில் நம் வீடுகளில் எரிந்த தீக்குச்சிகளில் பெரும்பகுதி ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்தவை. நெருப்புக்கும் அந்நியனை எதிர்பார்த்திருந்தோம்! 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர் கல்கத்தாவுக்குச் சென்றார்கள். அங்கே சில மாதங்கள் தங்கித் தீக்குச்சித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923-இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். மழை பொய்த்துப் பயிர் கருகும் பூமி அது. ஆனால் பயிருக்குப் பகையான அதே வெயில் தீக்குச்சிக்கு நண்பனாயிற்று: நனைந்த குச்சியும் மருந்தும் அங்கே சீக்கிரம் உலரும். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று தொழில் பரவிற்று. வடக்கே குடியாத்தத்திலும் வேரூன்றிற்று.

அவர்களுக்கு எதிரே நின்ற போட்டி சாமானியமானதன்று. ஸ்வீடனைச் சேர்ந்த ஐவர் குரூகர் என்பவருக்கு உலகம் 'தீக்குச்சி மன்னர்' என்று பட்டம் சூட்டியிருந்தது. பிரான்ஸ், ஜெர்மனி முதலிய அரசாங்கங்களுக்கே அவர் கடன் கொடுத்தார். அவருடைய கம்பெனி 1923-இல் இந்தியாவிலேயே ஒரு கிளைக் கம்பெனியை நிறுவிற்று. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூர்ப் பக்கத்தில் அதற்கு ஓர் ஆலை இருந்தது. அந்த இடத்துக்கு ஏற்பட்ட 'விம்கோ நகர்' என்ற பெயர் இன்றும் ரயில் நிலையப் பலகையில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரெழுத்துக்கள் என்று தெரியும்? மன்னரோ 1932-இல் பாரிஸ் நகரில், கடன் சுமையில் சாம்ராஜ்யம் சரிந்துகொண்டிருக்கும்போது, தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். சிவகாசித் தீப்பெட்டி நிலைத்து நின்றது.

1934-இல் ஆங்கில அரசாங்கம் உப்பைப் போலவே தீக்குச்சியையும் விட்டுவைக்காமல் அதற்குத் தீர்வை விதித்துச் சட்டம் செய்தது. ஏழையின் அடுப்பு எரிய வேண்டுமானாலும் சர்க்காருக்குக் காணிக்கை வைக்கவேண்டும் என்றாயிற்று.

இவ்வளவு வரலாற்றையும் சொல்லி முடித்தபோது நமக்கே கொஞ்சம் பெருமையாயிருந்தது. பாடம் நன்றாக நடந்ததென்ற திருப்தியுடன் வியாசங்களை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனோம்.

நாற்பத்தொன்றில் ஒன்று

ஒருவன் தீப்பெட்டியைப் பண்டைக் காலத்துப் பற்குச்சிப் பெட்டி என்று நிரூபித்திருந்தான். மேலே தெய்வத்தின் படம் அச்சிட்டிருப்பதால் இது பூஜைக்குரிய சிறு கோயில் என்றாள் ஒருத்தி. இன்னொருவன், குச்சிகள் எல்லாம் ஒரே அளவாயிருப்பதைக் கொண்டு, இது குழந்தைகளுக்குக் கணக்குக் கற்பிக்கும் கருவி என்று முடிவு கட்டியிருந்தான். அவன் சொன்னதில் பாதி உண்மை. நாம் கூட்டல் கழித்தல் கற்றது தீக்குச்சியை வைத்துக்கொண்டுதான்.

உரசினால் ஏன் பற்றுகிறது என்று கேட்ட பெண்ணின் வியாசம் கடைசியில் இருந்தது. நாற்பது பேரும் அந்த வஸ்து எதற்காக என்று ஆராய்ந்திருந்தார்கள். நாமும் அப்படித்தான் எழுதியிருந்தோம். அவள் ஒருத்திதான் அதை யார் செய்திருப்பார்கள் என்று ஆராய்ந்திருந்தாள்.

"அடிப்பெட்டியின் மடிப்பில் ஒரு கைரேகை பசையோடு காய்ந்திருக்கிறது. அது சின்னக் கை. ஆகவே இதைச் செய்தவர் ஒரு பெண்ணாகவோ குழந்தையாகவோ இருக்கலாம். அவர் ஒரு நாளில் எத்தனை பெட்டி ஒட்டினார் என்பது ஆராயத்தக்கது" என்று எழுதிவிட்டு, அடியில் சிறிய எழுத்தில், "என் பாட்டி சாத்தூரில் இருந்தபோது பெட்டி ஒட்டினாள். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144" என்று சேர்த்திருந்தாள்.

நாம் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டோம். நாமும் சாத்தூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் பிறந்தவர்தாம். இத்தனை நேரம் ஸ்டாக்டன், ஸ்டாக்ஹோம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோமே, நம் ஊரைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை?

1989-இல் நாம் நாலாம் வகுப்பில் படித்தோம். நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மனக்கணக்கில் நம்மைவிடக் கெட்டிக்காரன். வாத்தியார் கேள்வியை முடிக்கு முன் விடையைச் சொல்லிவிடுவான். ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஊருக்குள் வருவது விடியற்காலம் நாலு மணிக்கு. அதில் அவனும் ஏறிவிட்டான் என்றார்கள். வாத்தியார் சில வாரங்கள் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறித்துவந்தார். பிறகு பெயரையே கோடிட்டு அடித்துவிட்டார்.

அவனுக்குக் கட்டை அடுக்கும் வேலை. காடியுள்ள சட்டங்களில் குச்சிகளை ஒன்றொன்றாக அடுக்கவேண்டும். அடுக்கிய சட்டத்தை மெழுகிலும் மருந்திலும் தோய்ப்பது பெரியவர்கள் வேலை. சட்டத்தின் எண்ணிக்கைப்படி கூலி. இரவில் வீடு திரும்புகிறவனை ஒரு முறை தெருவில் பார்த்தோம். "ஒன்பது எட்டு?" என்று கேட்டோம். உடனே, "எழுபத்திரண்டு" என்றான். மறந்திருக்கவில்லை. அவன் விரல்களில் மருந்து வாடை அடித்தது. நம் வீட்டில் அப்பொழுது மின்சாரம் இல்லை. அவனைப் போன்றவர்கள் அடுக்கிய குச்சியைக் கிழித்து ஏற்றிய அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்து நாம் வாய்ப்பாடு படித்தோம். நாம் பட்டதாரியானோம்.

தீக்குச்சித் தொழிலில் குழந்தைகளை ஈடுபடுத்தக்கூடாது என்ற சட்டம் அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1986-இலேயே வந்துவிட்டது. சட்டப் புத்தகத்தில் இருந்தது. வேன் வருவது நிற்கவில்லை. சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு மாறாகக் குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று அத்தீர்ப்பில் கண்டது. அத்துடன், பள்ளிகளில் மத்தியானச் சோறும், தொழிலில் வந்து புகுந்த இயந்திரங்களும், பெற்றோரின் எண்ண மாறுதலும் சேர்ந்து அந்தக் கொடுமையைப் பெருமளவு குறைத்தன. இவையெல்லாம் நல்ல செய்திகள். ஆனால் 1996-இல் நம் நண்பனுக்கு வயது பதினாறு.

மிச்சமிருந்த குச்சிகள்

இன்று அத்தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வயதுவந்த பெண்கள். பெட்டியின் விலை 2007-இல் ஒரு ரூபாயாயிற்று. பதினான்கு வருஷம் அங்கேயே நின்று, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று. அந்தப் பதினான்கு வருஷத்தில் விலை ஏறாத வேறு சாமானை நேயர்கள் நினைவுக்குக் கொண்டுவர முடியுமா? வெளிநாட்டு மலிவு லைட்டர்கள் வந்து குவிந்ததைக் கண்டு 2023-இல் மத்திய அரசாங்கம் இருபது ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியைத் தடுத்தது. அது ஓர் உதவிதான். ஆயினும் பழக்கம் மாறிப்போவதைத் தடுக்க எந்த உத்தரவாலும் ஆகாது. தீப்பெட்டி ஒரு நாள் மெய்யாகவே பழம்பொருளாகலாம். அதற்காக அழ வேண்டியதில்லை. சிக்கிமுக்கிக் கல் போனதற்கு யார் அழுதார்கள்? ஆனால் பொருள் போகும்போது, அதைச் செய்த கைகளின் கதையும் சேர்ந்து போய்விடக்கூடாது. விம்கோ நகர்ப் பலகையைப் போலப் பெயர் மட்டும் மிஞ்சினால் போதாது.

மறுநாள் வகுப்பில் அந்த வியாசத்தை நாமே வாசித்தோம். நம் நண்பனைப் பற்றியும் சொன்னோம். பிறகு, "இன்றைக்கு எல்லோரும் ஒரு குச்சி கிழிக்கவேண்டும்" என்றோம். பெட்டியை எண்ணினோம், நாற்பத்தாறு குச்சிகள் இருந்தன. ஒவ்வொருவராக வந்தார்கள். மூன்று குச்சிகள் முறிந்தன. சிலர் பற்றியதும் பயந்து தண்ணீர்த் தொட்டியில் போட்டார்கள். எப்படி ஆன் ஆகும் என்று கேட்ட பையன், பற்றியெரியும் குச்சியைப் பார்த்துக்கொண்டே நின்று விரலைச் சுட்டுக்கொண்டான். ஆனால் அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கம்ப்யூட்டர் அறையில் நாம் கண்டதில்லை.

பாட்டியின் பேத்தி கடைசியாக வந்தாள். ஒரே உரசலில் பற்றவைத்தாள். உள்ளங்கையைக் குவித்துச் சுடரைக் காத்தாள். ஸ்பிரிட் விளக்கை ஏற்றினாள். அணைக்கப் போனவள் நிறுத்தி, பக்கத்து மேஜையிலிருந்த இன்னொரு விளக்கையும் அதே குச்சியால் ஏற்றிவிட்டுத்தான் ஊதினாள். "ஒரு குச்சிக்கு ஒரு விளக்கு என்றால் பாட்டி கோபித்துக்கொள்வாள், சார்" என்றாள்.

நேயர்கள் இன்று மாலை விளக்கு வைக்கும் வேளையில், வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தை இருந்தால், தீப்பெட்டியை அதன் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று, ஏற்றச் சொல்லுங்கள். பெட்டியின் அடியில் எந்த ஊர் என்று அச்சிட்டிருக்கும்; அதையும் வாசிக்கச் சொல்லுங்கள். நமது பெட்டியில் இன்னும் இரண்டு குச்சிகள் மிச்சமிருக்கின்றன. அவற்றை ஆய்வுக்கூட அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறோம். அடுத்த வருஷத்து எட்டாம் வகுப்புக்குப் பாடம் தொடங்க அவை போதும்.